சேலஞ்ச் எடுத்து நிதி திரட்டலாமா? செட்டிநாட்டு வாசகர்கள் கேட்கிறார்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. தனக்குத்தானே சில சவால்களை வைத்துக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாக முடித்து, அதைச் சொல்லி ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் சேர்ப்பது பற்றி. எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் ஆத்தா கடைசி மாதங்களில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, ஒரு சிறிய தொண்டு அமைப்பிலிருந்து வீட்டுக்கே வந்து புண்ணுக்கு மருந்து கட்டி, வலி தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. அவர்களுக்கு இரண்டு லட்சம் ரூபாயாவது சேர்த்துக் கொடுக்க ஆசை. எனக்கு வயது 47. நகரத்தார் கோயில்கள் ஒன்பதுக்கும் நடந்து போவது, சைக்கிள் கற்றுக்கொண்டு அறந்தாங்கி வரை ஓட்டுவது, இப்படி மாதம் ஒன்றாக ஒரு வருஷத்துக்குச் சவால் எடுத்து, ஊரில் நிதி கேட்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில், "பணம் வேணும்னா நேராக் கேட்க வேண்டியதுதானே, எதுக்கு இந்தக் கூத்து?" என்கிறார்கள். என்ன சொல்வது?
– வாசகி, கோட்டையூர்

பதில்: செய்யுங்கள் ஆச்சி. வீட்டில் கேட்பது நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலை மனதில் தெளிவாக வைத்துக்கொண்டால் ஊரில் யார் கேட்டாலும் தடுமாற மாட்டீர்கள்.

நேராகக் கேட்டாலும் கொடுப்பார்கள், ஒரு தடவை. பங்காளிகள், பக்கத்து வீட்டார், கல்யாணம் காட்சிக்கு வந்துபோகிற உறவுகள் எல்லாரும் ஆளுக்கு ஐநூறோ ஆயிரமோ தருவார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும், இரண்டாம் முறை அதே வாசலில் போய் நிற்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும். மாதம் ஒரு சவால் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மாதமும் சொல்வதற்கு ஒரு செய்தி கிடைக்கிறது. "போன மாசம் இரணியூருக்கு நடந்தேன், இந்த மாசம் சூரக்குடி" என்று சொல்லும்போதே அந்த அமைப்பு யார் வீட்டுக்கெல்லாம் போகிறது, என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். இப்படி ஓர் உதவி இருக்கிறது என்றே தெரியாமல், பெரிய வீட்டின் ஒரு அறையில் வயதானவரை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கிற குடும்பங்கள் நம் பக்கம் எத்தனையோ. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, வீட்டில் இரண்டு பெரியவர்கள் மட்டும் இருக்கிற நம் ஊர்களில் இந்தச் செய்தி பரவுவதே பெரிய காரியம் என்பேன்.

கூத்து என்கிறார்களே, பழனி நடையை யாரும் கூத்து என்பதில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து புறப்பட்டு சிங்கம்புணரி, நத்தம் வழியாக நடக்கிறவர்களுக்கு வழியெல்லாம் மோரும் சாப்பாடும் கொடுப்பவர்கள், நடப்பவர் யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. ஒருவர் உடம்பை வருத்தி ஒன்றைச் செய்வதைப் பார்த்தால் நாமும் நம் பங்குக்கு ஏதாவது செய்வோமே என்று தோன்றிவிடுகிறது. இங்கிலாந்தில் 2020-ல் கேப்டன் டாம் மூர் என்ற முன்னாள் ராணுவ வீரர், தன் நூறாவது பிறந்த நாளுக்குள் வீட்டுத் தோட்டத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு 100 சுற்று நடப்பதாகச் சொன்னார். கொரோனா நேரம், அந்நாட்டு மருத்துவ சேவைக்கான அறக்கட்டளைகளுக்கு 1,000 பவுண்டு சேர்ப்பதுதான் திட்டம். சேர்ந்தது 3 கோடி பவுண்டுக்கும் மேல். தோட்டத்தில் நடப்பது ஓர் இளைஞனுக்கு ஒன்றுமே இல்லை, 99 வயதில் அது எத்தனை பெரிய வேலை என்பது பார்த்த எல்லோருக்கும் புரிந்தது.

அதனால் உங்களுக்கு எது கடினமோ அதை எடுங்கள். என்னைக் கேட்டால் உங்கள் பட்டியலில் சிறந்தது சைக்கிள்தான். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், கல் உடைத்தவர்கள், அங்கன்வாடியில் இருந்தவர்கள் எல்லாம் அதில் உண்டு. அவர்களில் பலருக்கு இன்று அறுபது வயது இருக்கும். நீங்கள் அறந்தாங்கிக்கு ஓட்டிப் போகிற அன்று அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரும் கொஞ்ச தூரம் கூட ஓட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! முதலில் புதுவயல் வரை ஓட்டிப் பழகுங்கள், அதே சாலைதான்.

இரண்டு லட்சம் என்று நீங்களாக முடிவு செய்யும் முன் அந்த அமைப்பிடம் போய், என்ன குறைகிறது என்று கேளுங்கள். படுக்கைப் புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தை, சக்கர நாற்காலி, கழிப்பறை நாற்காலி இவற்றுக்கெல்லாம் கொடுப்பவர்கள் ஓரளவு கிடைத்துவிடுவார்கள், பொருளைக் கண்ணால் பார்க்கலாம், பெயர் எழுதலாம். நர்ஸின் மாதச் சம்பளத்துக்கும், வீடு வீடாகப் போகிற வண்டியின் பெட்ரோலுக்கும், மருந்து கட்டும் துணிக்கும்தான் ஆள் கிடைப்பதில்லை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் 2021-லிருந்து வீட்டுக்கே வந்து வலி தணிப்பு சிகிச்சை தருகிறார்கள். ஆகவே அரசு எதைத் தருகிறது, இந்த அமைப்பு எதைத் தருகிறது, எது இரண்டிலும் விட்டுப்போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த விட்டுப்போனதற்கு நிதி கேளுங்கள். "இந்த மாதம் சேர்வது நர்ஸம்மாவின் சம்பளத்துக்கு" என்று சொல்லிக் கேட்கும்போது கேட்பவருக்கும் கணக்குப் புரியும்.

ஒன்பது கோயிலில் மாத்தூரும் இலுப்பைக்குடியும் அருகருகே இருப்பதால் ஒரே நாளில் முடிக்கலாம், பிள்ளையார்பட்டியும் வயிரவன்பட்டியும் அப்படியே. நேமம், வேலங்குடி, இளையாற்றங்குடி எல்லாம் தனித்தனி நாளாக வையுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் நடை வேண்டாம், நம் சிவகங்கைச் சீமை வெயில் யாருக்கும் இரங்காது. அந்த மாதங்களுக்கு வீட்டுக்குள் செய்கிற சவாலாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் கிளம்பினால் ஒளிரும் பட்டை உள்ள மேல்சட்டை கட்டாயம், வண்டிகள் எதிரே வருகிற பக்கமாக நடக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்துவிட்டு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சர்க்கரை இருந்தால் கோயிலுக்குத்தானே போகிறோம் என்று வெறுங்காலில் நடக்கவே கூடாது, காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தினாலும் கொப்புளம் வந்தாலும் தெரியாது, ஆறாத புண்ணாகிவிடும். செருப்பைக் கோயில் வாசலில் கழற்றினால் போதும், சாமி ஒன்றும் சொல்லாது.

கேள்வி: நாங்கள் கல்லூரி நண்பர்கள் பத்துப் பேர். வாரம் ஒரு சேலஞ்ச் வீதம் பத்து வாரம் செய்து முதியோர் இல்லத்துக்குப் பணம் தரப் போகிறோம். ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றுவது, அதிகப் பரோட்டா சாப்பிடுவது, ஊரணியை நீந்திக் கடப்பது என்று பட்டியல் போட்டிருக்கிறோம். இன்னும் நல்ல ஐடியா இருந்தால் சொல்லுங்கள்.
– மாணவர்கள், தேவகோட்டை

பதில்: தம்பிகளா, உங்கள் மனசு பெரிது, பட்டியலைக் கொஞ்சம் மாற்றுவோம்.

ஐஸ் தண்ணீர் ஊற்றும் சேலஞ்ச் 2014-ல் உலகம் முழுக்க ஓடியது. ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக அமெரிக்க அமைப்பு ஒன்றுக்கு மட்டும் அந்தக் கோடையில் 11 கோடி டாலருக்கு மேல் வந்தது, அந்தப் பணத்தில் நடந்த ஆய்வு இரண்டே வருடத்தில் அந்த நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவைக் கண்டுபிடிக்க உதவியது. அது பரவியதற்குக் காரணம், ஊற்றிக்கொண்டவர் அடுத்து செய்ய வேண்டியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுதான். அந்தக் கூப்பிடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீரை விட்டுவிடுங்கள். அதே வருடம் ஐதராபாத்தில் ஐஸுக்குப் பதில் ஒரு வாளி அரிசி கொடுக்கும் சேலஞ்ச் தொடங்கியது. முதியோர் இல்லத்துக்கு அரிசி வேண்டும், பக்கத்தில் புதுவயலில் ஆலைக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கு ஒரு படி கொடுத்துவிட்டு மூன்று பேரைக் கூப்பிடட்டும்.

பரோட்டா போட்டி வேண்டவே வேண்டாம். அவசரத்தில் விழுங்கித் தொண்டையில் அடைத்து உயிர் போவது உண்மையில் நடக்கிறது. அதோடு, சாப்பாட்டுக்காக நிதி கேட்கிற இடத்தில் சாப்பாட்டை வைத்து விளையாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குப் பதில் பத்துப் பேரும் வீட்டில் அப்பத்தாவிடமோ ஆயாவிடமோ ஆளுக்கு ஒரு பலகாரம் கற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் போய் நீங்களே செய்து பரிமாறுங்கள். வெள்ளைப் பணியாரம் சுட்டுப் பார்த்தால் தெரியும் அது எவ்வளவு பெரிய சவால் என்று. பச்சரிசியும் உளுந்தும் அளவு தப்பினாலோ மாவு கொஞ்சம் கெட்டியானாலோ உப்பாது, எண்ணெய்ச் சூடு ஏறினால் சிவந்துவிடும், வெள்ளையாக எடுக்க முடியாது. கந்தரப்பம், மனகோலம், கவுனி அரிசி என்று பத்து வாரத்துக்கும் பலகாரம் இருக்கிறது. கடினமான பலகாரத்துக்கு அதிகத் தொகை என்று அறிவித்துவிடுங்கள்.

ஊரணிக்கு வருகிறேன். நம் ஊரணிகளில் பல குடிதண்ணீருக்கானவை, காலைக்கூட நனைக்கவிடாமல் ஊரே காவல் காத்து வைத்திருக்கிற தண்ணீர் அது. குளிக்கிற ஊரணியிலும் அடியில் சேறும், தாமரைக் கொடியும் இருக்கும், நன்றாக நீந்தத் தெரிந்தவனே காலில் சிக்கி மாட்டிக்கொள்வான். உங்களுக்கு உண்மையிலேயே ஊரணி மேல் ஆசை இருந்தால் ஊராட்சியில் அனுமதி வாங்கிக்கொண்டு, தண்ணீர் வந்து சேர்கிற வரத்துக்கால்வாயில் மண்டிக் கிடக்கிற சீமைக் கருவேலத்தை வெட்டுங்கள். செட்டிநாட்டு ஊர்களை அமைத்தவர்கள் மழைத்தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாமல் தெருவிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து ஊரணி என்று ஓட்டம் பார்த்து வைத்துவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழைக்கு முன் முடித்தால் அந்த வருஷமே பலன் தெரியும். மீட்டருக்கு இவ்வளவு என்று ஸ்பான்சர் கேளுங்கள், முள் கையில் ஏறாமல் தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நம் ஊரில் பெரிய பெரிய செல்வந்தர்கள் இருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்தால் முடிகிற வேலைக்கு ஐம்பது, நூறு என்று ஊரெல்லாம் அலைவானேன்?
– வாசகர், காரைக்குடி

பதில்: பெரிய கொடை பெரிய வேலையைச் செய்யும், மறுக்கவே இல்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது, 1948 ஜூலையில் நேருவே வந்து அடிக்கல் நாட்டினார். அப்படி ஒன்றை ஐம்பது ரூபாய் சேர்த்துக் கட்ட முடியாது. ஆனால் மாதாமாதம் வருகிற செலவுக்கு ஒரே ஒருவரை நம்பினால், அவர் மனம் மாறினாலோ வியாபாரம் சரிந்தாலோ அமைப்பு நின்றுவிடும். நானூறு பேர் தருகிற இடத்தில் பத்துப் பேர் நின்றாலும் வண்டி ஓடும். செல்வந்தரையும் பாருங்கள். "ஊர் எவ்வளவு தருகிறதோ அதே அளவு நானும் தருகிறேன்" என்று அவரைச் சொல்ல வையுங்கள். அப்போது ஐம்பது ரூபாய் கொடுப்பவருக்குத் தன் பணம் நூறாகிறது என்ற சந்தோஷம்.

கேள்வி: அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் குழுவில் ஒருவர் உடம்பு முடியாத குழந்தைகளுக்காக நூறு நாள் ஓடுகிறார். பணத்தை அவருடைய ஜிபே நம்பரிலேயே வாங்கி, கடைசியில் மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் நினைப்பது சரியா?
– வாசகர், புதுவயல்

பதில்: நூற்றுக்கு நூறு சரி. ஓடுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பணம் அவர் கணக்குக்கு வரக் கூடாது.

முதலில் வரி. சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் கணக்கில் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால், அந்த முழுத் தொகையும் அவருடைய வருமானமாகப் பார்க்கப்படும். நான் அப்படியே கொடுத்துவிட்டேன் என்று பிறகு ஒவ்வொரு வரவுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு உட்கார வேண்டும். கொடுப்பவருக்கும் நஷ்டம், ஏனென்றால் 80ஜி வரிச்சலுகை தொண்டு நிறுவனத்துக்கு நேராகக் கொடுத்தால்தான் கிடைக்கும். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை, புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் இல்லை. இதையெல்லாம் முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு யாரும் வருத்தப்பட வேண்டாம். நிறுவனம் வருடம் முடிந்ததும் வருமான வரித்துறைக்குக் கணக்குக் கொடுத்து, 10பிஇ என்ற சான்றிதழை ஒவ்வொருவருக்கும் தர வேண்டும். அதற்குக் கொடுப்பவரின் பெயர், முகவரி, பான் அல்லது ஆதார் எண் மூன்றும் தேவை. ஆகவே க்யூஆர் கோடு நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குரியதாக இருக்கட்டும், ஓடுகிறவரின் பனியனில் அதையே அச்சடியுங்கள். நிறுவனத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, கொடுப்பவருக்குச் சலுகை தரும் 80ஜி ஆகிய பதிவுகள் உயிரோடு இருக்கின்றனவா, கடைசி வருடத் தணிக்கை அறிக்கையைக் காட்டுகிறார்களா என்று போய்ப் பாருங்கள். காட்டத் தயங்கினால் வேறு நிறுவனம் தேடுங்கள்.

இனி உங்கள் வேலை. கொண்டுவிற்க, அதாவது வெளிநாட்டில் வணிகம் செய்யப் போன நம் பெரியவர்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்தபோது மகமை என்று தர்மத்துக்குத் தனியாக எடுத்து வைத்தார்கள். அதைச் சிட்டையில் ஏற்றிப் பேரேட்டில் எழுதி, சாமி காசு என்று தொடாமல் வைத்திருந்தார்கள். ஐந்தொகை போட்டுக் காட்டாத கடையில் யாரும் பணம் போடவில்லை. அப்படிப்பட்டவர்களின் ஊரில்தான் நிதி கேட்கிறீர்கள், ஞாபகம் இருக்கட்டும். வாரம் ஒரு முறை இவ்வளவு வந்தது, இவ்வளவு பேர் கொடுத்தார்கள், பனியனுக்கும் பேனருக்கும் இவ்வளவு செலவு, அந்தச் செலவை இன்னார் தன் கையிலிருந்து கொடுத்தார் என்று நாலு வரி போடுங்கள். செலவை மட்டும் தயவுசெய்து சேர்ந்த நிதியில் கழிக்காதீர்கள். ஓடுபவருக்கு ஷூ வேண்டுமென்றால் குழுவில் உள்ளவர்கள் தனியாகப் போட்டு வாங்கிக் கொடுக்கட்டும், நன்கொடையாளர் கொடுத்த ரூபாய் ரூபாயாகவே போய்ச் சேரட்டும்.

மேலே சொன்ன கேப்டன் டாம் திரட்டிய பணம் முழுவதும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர் பெயரில் பின்னால் தொடங்கிய தனி அறக்கட்டளையைப் பற்றி விசாரணை நடந்து, அதனால் குடும்பத்தினர் கணிசமான பலன் அடைந்தார்கள் என்று 2024-ல் அந்நாட்டு அறக்கட்டளை ஆணையம் அறிக்கை வெளியிட்டது. அந்தப் பெரியவர் அப்போது உயிரோடு இல்லை. ஊரே கொண்டாடிய ஒருவரின் பெயருக்கே அந்தக் கதி வருமென்றால், தெரு அளவில் நிதி திரட்டுகிற நாம் இன்னும் எத்தனை கவனமாக இருக்க வேண்டும்! உங்கள் குழுவில் கணக்குக்கு நீங்கள் இருப்பது நல்லது. விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: சொந்த ஊர் பள்ளத்தூர், இப்போது சிங்கப்பூர் குடிமகன். ஊரில் என் தங்கை மகன் சைக்கிள் பயணம் செய்து ஒரு பள்ளிக்கு நிதி திரட்டுகிறான். இங்கே நண்பர்களிடமும் சேர்த்து அனுப்ப நினைக்கிறேன். ஏதாவது தடை உண்டா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: உண்டு அண்ணே, தெரிந்துகொண்டு செய்தால் தொல்லை இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் வேலை பார்த்துச் சேர்த்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக இங்குள்ள தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. உங்களைப் போலக் குடியுரிமை மாறியவர்கள், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற நிறுவனம் மட்டும்தான் அதை வாங்கலாம், அதுவும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்றே வைத்திருக்கும் கணக்கில்தான் வர வேண்டும். தங்கை கணக்குக்கு அனுப்பி அவர் கையால் கொடுக்க வைக்கலாமே என்று தோன்றும். அந்த வழி வேண்டாம், மாட்டிக்கொள்வது தங்கையும் அந்தப் பள்ளியும்தான்.

அங்கே பொதுமக்களிடம் கேட்பதற்கும், வெளிநாட்டுக் காரியத்துக்கான நிதி என்றால் சிங்கப்பூர் அரசின் முன்அனுமதி வேண்டும். எனவே முதலில் பள்ளி நிர்வாகத்திடம் எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் நண்பர்களில் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் நேராக, தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பட்டும். நீங்கள் ஊருக்கு வரும்போது மருமகனோடு ஒரு நாள் சைக்கிளில் போங்கள். தாய்மாமன் கூட வருவதைப் பார்த்து ஊரில் உள்ளவர்கள் கொடுப்பது அதிகமாகும்.

கேள்வி: பதினோரு கிராமத்துக்கு ஓடுவதாக அறிவித்துவிட்டு ஐந்தாவது கிராமத்தில் கணுக்கால் பிசகி நின்றுவிட்டேன். டாக்டர் மூன்று மாதம் ஓடக்கூடாது என்கிறார். பணம் தந்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? திருப்பிக் கொடுக்க வேண்டுமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தம்பி, தலை நிமிர்ந்து விழியுங்கள். கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்று ஓர் இளைஞர் இருந்தார். எலும்புப் புற்றுநோயால் வலது காலை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி சேர்க்க, செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை ஓடுவதாகச் சொல்லி 1980 ஏப்ரல் 12-ல் தொடங்கினார். தினமும் கிட்டத்தட்ட ஒரு மாரத்தான் தூரம். ஆரம்பத்தில் சில ஊர்களில் எட்டிப் பார்க்கக்கூட ஆள் இல்லை. 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், செப்டம்பர் 1-ல், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நின்றார். நிருபர்களை அழைத்து, அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார். நாடே கொடுக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அடுத்த பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலர் சேர்ந்தது, அன்றைய கனடா மக்கள்தொகைக்குத் தலைக்கு ஒரு டாலர் வீதம். அவர் 1981 ஜூனில், 22 வயதில் இறந்துபோனார். அவர் பெயரில் வருடந்தோறும் நடக்கிற ஓட்டம் இன்றும் பல நாடுகளில் நடக்கிறது, சென்னை ஐஐடி வளாகத்திலும் நடந்திருக்கிறது.

ஆகவே இன்றே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்: கால் பிசகியது, இத்தனை கிராமம் முடிந்தது, இவ்வளவு சேர்ந்தது, மீதியை இன்ன மாதம் தொடர்வேன். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டவர்களிடம் ஓடிய தூரத்துக்கு மட்டும் வாங்குங்கள். மொத்தமாகக் கொடுத்தவர்களில் யாராவது திரும்பக் கேட்டால் நிறுவனத்திடம் பேசித் திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள், முகம் சுளிக்காமல். அப்படிக் கேட்பவர்கள் மிகக் குறைவாகவே இருப்பார்கள். நண்பர்கள் மீதி ஆறு கிராமத்தையும் ஆளுக்கு ஒன்றாக ஓடுகிறோம் என்று வந்தால் தாராளமாக விடுங்கள். பாதிக் குணமான காலோடு நீங்கள் மட்டும் இறங்க வேண்டாம்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். பிள்ளைகளை வைத்து ஒரு வாசிப்புச் சவால் நடத்தி நூலகத்துக்குப் புத்தகம் வாங்க நிதி சேர்க்கலாமா?
– வாசகி, கல்லல்

பதில்: சவாலைப் பிள்ளைகள் எடுக்கட்டும், பணம் கேட்கிற வேலையைப் பெரியவர்கள் பார்க்கட்டும். பிள்ளைகள் கையில் உண்டியலோ நோட்டோ கொடுத்து வீடு வீடாக அனுப்பாதீர்கள், கொண்டுவர முடியாத குழந்தை கூனிக் குறுகிப் போகும். ஒரு வகுப்பு மொத்தமாக இத்தனை புத்தகம் என்று வையுங்கள், யார் எத்தனை படித்தார் என்று பட்டியல் ஒட்டாதீர்கள், மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். அரசுப் பள்ளிக்கு நன்கொடை தருவதற்கென்றே தமிழக அரசு 2022 டிசம்பரில் நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டத்தைத் தொடங்கியது, தாங்கள் விரும்பும் பள்ளிக்கே கொடுக்கலாம். பழைய மாணவர்களிடம் அதைச் சொல்லுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வீட்டில் ஒருவராகச் சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் ஆராய்ச்சியாளர்கள் தேடி வருகிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பிள்ளைகளிடம் முதல் நாள் இந்தக் கதையைச் சொல்லுங்கள், கல்லலிலிருந்து கோட்டையூர் ஒன்றும் தூரமில்லை.

கேள்வி: கடைசி சவாலன்று மொய் விருந்து மாதிரி சாப்பாடு போட்டு, மொய் நோட்டு வைத்து எழுதலாம் என்று இருக்கிறோம். ஊருக்குப் பழகிய முறை. சரிதானே?
– வாசகர், திருமயம்

பதில்: நல்ல யோசனை. உங்கள் புதுக்கோட்டைப் பக்கம் மொய் எழுதுகிற இடத்தில் தப்பு நடக்காது, பெயர், ஊர், தொகை எல்லாம் சத்தமாகப் படிப்பார்கள், எல்லார் காதிலும் விழும். ஒன்றே ஒன்று. மொய் என்றால் வாங்கியவர் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது அங்கே ஊர்க் கட்டு. நாளைக்கு ஒருவர் தன் வீட்டு விசேஷத்துக்கு ஓடியவரிடம் அதை எதிர்பார்த்துவிட்டால் மனக்கசப்பு. அதனால் பந்தல் வாசலிலும் நோட்டின் முதல் பக்கத்திலும் "இது நன்கொடை, திருப்பிச் செய்யும் மொய் அல்ல" என்று பெரிதாக எழுதிவிடுங்கள். பணம் எழுதுகிற மேசையில் நிறுவனத்து ஆள் ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு உட்காரட்டும். சாப்பாட்டுச் செலவை ஏற்கிறவர் யார் என்பதையும் அன்றே மைக்கில் சொல்லிவிடுங்கள்.